‘பழைய வாகனமென்றால் அப்படித்தான் இருக்கும் அக்கா’

கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் நான் ஏன் ஓட்டோ வாங்கினேன் என்பது விளங்கும். சல்லியிலிருந்து திருகோணமலை நகரம் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் கூடையைச் சுமந்துகொண்டு நிலாவெளி றோட்டுக்கு வந்து பஸ்ஸை மறித்தால், கொண்டக்டர் முதலில் கூடையைப் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்ப்பார். “மணக்குது அக்கா, அடுத்த பஸ்ஸில வாங்க” என்பார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதைதான். கூலிக்கு ஓட்டோ பிடித்தால் அன்றைய இலாபத்தில் பாதி அதற்கே போய்விடும்.

என்னுடைய கணவர் 2006ஆம் ஆண்டு கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. 1990இல் ஊரைவிட்டு ஓடியதையும் 2004 மார்கழி 26இல் கடல் ஊருக்குள் வந்ததையும் நான் இங்கே எழுத வரவில்லை. உங்களில் பலருக்கு என்னுடையதைவிடப் பெரிய கதைகள் இருக்கும். நான் எழுத வந்தது ஓர் ஓட்டோவைப் பற்றி. அதில் என் வீட்டின் பதினெட்டு வருடச் சேமிப்பு இருந்தது.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில், ஜனவரி 22ஆம் திகதி திங்கட்கிழமை, நகரத்திலுள்ள ஒரு வாகன விற்பனை நிலையத்தில் அதை வாங்கினேன். விலை 920,000 ரூபா. என்னிடமிருந்த சேமிப்பு 310,000. நகையை வங்கியில் அடகு வைத்து எடுத்தது 350,000. மாதர் சங்கத்தில் கடன் ஒரு இலட்சம். மீதி 160,000 தம்பி தந்தது. பழைய ஓட்டோவுக்கு இவ்வளவு விலையா என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திவிட்டது. 2025 பெப்ரவரியில்தான் பொதுவாகத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில் புது வாகனம் வராதபடியால் பழையதெல்லாம் பொன் விலைக்குப் போயிற்று. விற்கிறவரின் காலம் அது. வாங்க வந்தவர் கேள்வி கேட்டால், “விருப்பமில்லாட்டி விடுங்க, பின்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க” என்பார்கள்.

ஓட்டோ பார்வைக்குப் பொம்மைபோல இருந்தது. புதுச் சிவப்புப் பெயின்ற், புது சீற் உறை. நான் போனபோது இஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. “உங்களுக்காகத்தான் ஸ்ராட் பண்ணி வச்சிருக்கிறன்” என்றார் அந்தத் தம்பி. மரியாதையாக்கும் என்று நினைத்தேன். அதன் அர்த்தம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரேயொரு நல்ல காரியம் நடந்தது. அதுவும் என்னால் இல்லை, மகளால். காசை எண்ணிக் கொடுத்தபின் அவர் ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். மகள் அதை வாங்கவில்லை. “அண்ணா, கடைப் பெயர் அடிச்ச பற்றுச்சீட்டில எழுதித் தாங்க. இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் ஒரு மாதம் கரண்டி எண்டு சொன்னீங்கதானே, அதையும் எழுதுங்க” என்றாள். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் எழுதினார். நான் மகளைப் பார்த்து, ஏன் இப்படி நம்பிக்கையில்லாமல் கதைக்கிறாய் என்று வீட்டுக்கு வந்து ஏசினேன். அந்தப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

அன்று பின்னேரம் சல்லி முத்துமாரி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, மூன்று சில்லுக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசித்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் வாங்கிய பிறகு பழுதைக் காட்டும் வாகனத்துக்கு எலுமிச்சம்பழம் என்றே பெயராம். ஜோர்ஜ் அகெர்லொவ் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே எலுமிச்சம்பழம் இருக்கிறது. 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னது எங்கள் சந்தைக்கும் பொருந்தும். வாகனத்தின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வாகனத்துக்கும் பயந்து பயந்து குறைந்த விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வாகனம் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது பழுதானவைதான். கருவாட்டு வியாபாரத்திலும் இதுதானே நடக்கிறது. அடியில் ஈரம் வைத்து மேலே காய்ந்ததை அடுக்குகிற ஆட்களால், ஒழுங்காகக் காயவைக்கிற எங்களுக்கும் விலை கிடைப்பதில்லை.

நீலப் புகை

வாங்கி ஒன்பதாம் நாள், ஜனவரி 31. விடியப்புறம் கருவாடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட ஸ்ராட் செய்தேன். நான்கைந்து தரம் இழுத்த பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் பின்னால் நீல நிறத்தில் புகை. நுளம்புக்குப் புகை அடித்ததுபோல முற்றம் நிறைந்துவிட்டது. வழியில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று கழன்று நியூற்றலுக்கு வந்தது. கைப்பிடியை முறுக்கி இறுக்கிப் பிடித்தால்தான் நின்றது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

உடனே கடைக்குப் போன் எடுத்தேன். “கொண்டு வாங்க அக்கா, பார்த்துத் தாறன்” என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். பெப்ரவரி 5ஆம் திகதி அவருடைய ஆட்கள் ஒரு நாள் வைத்திருந்து தந்தார்கள். புகை நின்றுவிட்டது. ஒரு கிழமை நிம்மதி. 12ஆம் திகதி திரும்பவும் அதே புகை. பிறகுதான் ஒரு மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன், அவர்கள் செய்தது பழைய ஒயிலை இறக்கிவிட்டுத் தடித்த ஒயில் விட்டது மட்டுமே. ரிங் தேய்ந்தால் ஒயில் மேலே ஏறிப் பெற்றோலோடு சேர்ந்து எரியும், அதுதான் நீலப் புகை. தடித்த ஒயில் கொஞ்ச நாளைக்கு ஏறாது. ஒயில் தளர்ந்ததும் பழையபடி ஆகும். கரண்டிக் காலம் முடியும்வரை தாக்குப்பிடிக்க அது போதும்.

12ஆம் திகதி நான் செய்த ஒரு காரியம் பிறகு உதவியது. கடைக்காரர் போனை எடுக்காதபடியால், மகள் என் போனிலிருந்து வட்ஸ்அப்பில் புகை வருவதை வீடியோ எடுத்து அனுப்பி, “பழுது திரும்ப வந்துவிட்டது, என்ன செய்யலாம்” என்று எழுதினாள். அவர் பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

அந்த மாதம் 19ஆம் திகதி பாடசாலை முதலாம் தவணை தொடங்கியது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவதாக ஏற்கெனவே பேசியிருந்தேன். கருவாடு ஒரு வருமானம், இது நிரந்தர வருமானம். அடகு நகைக்கு வட்டி கட்ட இதைத்தான் நம்பியிருந்தேன். இரண்டாம் நாளே உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ இழுக்காமல் நின்று, பின்பக்கமாக உருளத் தொடங்கியது. பிறேக்கை அழுத்தி நிறுத்திவிட்டேன். பின்னால் லொறி எதுவும் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்குக் கை நடுங்கியது அன்று இரவுவரை நிற்கவில்லை. அன்றோடு பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்தினேன். பெற்றோர் தந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ஆம்பிளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாங்க”

நேரே கடைக்குப் போனேன். அந்தத் தம்பி ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் கதைத்தார். “பழைய வாகனமென்றால் அப்படித்தான் இருக்கும் அக்கா. நீங்க ஓடுற முறை சரியில்ல. பொம்பிளையள் கியர் மாத்தத் தெரியாம மாத்தினா கியர்பொக்ஸ் போகும்தான்.” என்னிடம் ஓட்டோ ஓட்டும் அனுமதிப்பத்திரம் மூன்று வருடமாக இருக்கிறது, தம்பியின் ஓட்டோவில் ஓடிப் பழகியவள் என்றேன். உடனே கதையை மாற்றினார். “இது எங்கட வாகனமில்ல, ஒரு பார்ட்டி விற்கத் தந்தது. நாங்க இடையில நிண்ட ஆக்கள்தான்.” அதற்கும் நான் விடவில்லை. கடைசியில், “உங்களோட கதைச்சு விளங்கப்படுத்த ஏலாது அக்கா, ஆம்பிளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாங்க” என்றார்.

சகோதரிகளே, இந்த வசனத்தை நாங்கள் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம். வங்கியில், காணி அலுவலில், பிள்ளையின் பாடசாலை அனுமதியில். ஆம்பிளை இருந்தால் நான் ஏன் வந்து நிற்கிறேன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்து, கணவரின் அண்ணரை அனுப்பினேன். அது நான் விட்ட பிழை. அத்தானுக்கு அங்கே கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்து, கிரிக்கெட் கதைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து, “நல்ல பொடியன் பிள்ளை, செய்து தருவான், கொஞ்சம் பொறு” என்றார். எப்போது என்று கேட்டேன். அதை அவர் கேட்கவில்லையாம்.

அதற்குள் 22ஆம் திகதி போய்விட்டது. கடையிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. “அக்கா, கரண்டி முடிஞ்சுது. இனி எங்களுக்குப் பொறுப்பில்ல.”

இந்த இடத்தில் பலரும் கைவிடுகிறார்கள். நானும் கைவிட்டிருப்பேன். எங்கள் மாதர் சங்கத் தலைவிதான் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “கரண்டி இருந்த காலத்திலேயே நீ இரண்டுதரம் சொல்லியிருக்கிறாய். அதற்குச் சாட்சியும் போனில் இருக்கிறது. முடிந்த பிறகு சொன்ன பழுது இல்லையே இது” என்றார். அவர் சொன்னபடி மூன்று காரியம் செய்தோம். அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில், ஓட்டோவை ஓடுவதை நிறுத்தச் சொன்னார். பழுதோடு ஓடி இஞ்சின் இறுகிப்போனால், ‘இவள்தான் உடைத்தாள்’ என்று சொல்ல வசதியாகிவிடும். பிறகு, கடைக்காரருக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் 3,000 ரூபா வாங்கிக்கொண்டு முழுவதும் பார்த்தார். கராச்சின் பெயர் போட்ட கடதாசியில் எழுதியும் தந்தார். பிஸ்டன், ரிங் தேய்வு, சிலிண்டர் போர் பண்ண வேண்டும். கியர்பொக்ஸில் இரண்டாம் கியர்ப் பற்கள் தேய்வு. இவை ஒன்றிரண்டு மாத ஓட்டத்தில் வந்த தேய்வுகள் அல்ல. கடைசி வரியை அவராகவே எழுதினார். அந்த வரிக்குத்தான் 3,000 ரூபா தகும்.

பிறகு அவர் பின் சீற்றைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து சசியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்துவிட்டது. திரும்ப வைத்தார், திரும்பவும் விழுந்தது. “இது இரும்பில்ல அக்கா, பட்டி” என்றார். ஸ்குறூட்றைவரால் குத்தியதும் சிவப்புப் பெயின்ற் உடைந்து, உள்ளே பிஸ்கற்போல உக்கிய இரும்பு தெரிந்தது. கடற்கரையோரம் ஓடிய வாகனமாம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது சல்லிக்காரிக்குத் தெரியாதா? என் வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி. ஆனாலும் சிவப்புப் பெயின்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். அந்த ஓட்டையின் மேல்தான் ஐந்து பிள்ளைகளை இருத்தி ஓடியிருக்கிறேன்.

இஞ்சினை ஏன் சூடாக வைத்திருந்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். தேய்ந்த இஞ்சின் குளிரில் இலேசில் பிடிக்காது, பிடித்தாலும் புகையும் சத்தமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். சூடான பிறகு பாதி மறைந்துவிடும்.

செலவுக் கணக்கு இஞ்சினுக்கு 68,000, கியர்பொக்ஸுக்கு 34,000, சசி வெட்டி ஒட்டுவதற்கு 27,000, மொத்தம் 129,000 ரூபா.

கடிதமும் காலக்கெடுவும்

இரண்டாவது காரியம் கடிதம். மார்ச் 14ஆம் திகதி கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதில் ஏச்சு இல்லை, அழுகை இல்லை. எப்போது வாங்கினேன், என்ன கரண்டி எழுதித் தந்தீர்கள், எந்தெந்தத் திகதியில் பழுதைச் சொன்னேன், மெக்கானிக் என்ன சொல்கிறார், 14 நாளில் திருத்தித் தாருங்கள். அவ்வளவுதான். ஒரு பிரதியும் தபால் கந்தோர் தந்த சிட்டையும் என்னிடம். நான் முதலில் எழுதிய கடிதம் நாலு பக்கம். அதில் கணவர் காணாமல் போனதிலிருந்து எல்லாம் இருந்தது. தலைவி வாசித்துக் கண் கலங்கினார், பிறகு கிழித்துவிட்டார். “இது எனக்கு எழுதின கடிதம், அவனுக்கு எழுதினது இல்லை” என்றார்.

பதில் வரவில்லை. ஏப்ரல் 2ஆம் திகதி நான் போன் எடுத்தபோது அவர் மிகவும் அன்பாகப் பேசினார். “கோபப்படாதீங்க அக்கா. இப்ப நோன்பு, பிறகு பெருநாள், பிறகு வருசப் பிறப்பு. வேலையாக்கள் ஒருத்தரும் இல்ல. வருசம் முடியட்டும், 25ஆம் திகதிபோல கொண்டு வாங்க, எல்லாத்தையும் செய்து தாறன்.”

எனக்கு மனம் இளகிவிட்டது. மூன்று மாதம் பொறுத்தேன், மூன்று கிழமை பொறுக்க மாட்டேனா? அன்று பின்னேரம் இதைத் தலைவியிடம் சொன்னபோதுதான் அவர் கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கரண்டிக்கு ஒத்துவராத பொருளை வியாபாரி விற்றால் அந்த அதிகாரசபைக்கு முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். ஜனவரி 22இலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். ஏப்ரல் 25 என்று அவர் சொன்ன திகதி தற்செயலாக வந்ததா, கணக்குப் பார்த்து வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமல் ஒருவர்மேல் பழி போடக் கூடாது. ஆனால் அவருடைய அன்பான பேச்சை நம்பியிருந்தால் என் முறைப்பாடு செத்திருக்கும்.

ஏப்ரல் 9ஆம் திகதி, பெருநாளுக்கும் வருசத்துக்கும் முன்னதாக, கச்சேரியிலுள்ள அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்தோம். தமிழிலேயே எழுதினோம். பற்றுச்சீட்டு, மெக்கானிக்கின் கடதாசி, கடிதத்தின் பிரதி, தபால் சிட்டை, வட்ஸ்அப் படங்களை அச்சடித்தது, எல்லாவற்றையும் இணைத்தோம். மூலப் பிரதிகளைக் கொடுக்காமல் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன். போக வசதியில்லாதவர்கள் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் செய்து விசாரிக்கலாம். ஆனால் போனில் சொன்னதோடு நிற்க வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்.

விசாரணையில் அதிகாரசபை வியாபாரியின் பக்கத்தையும் கேட்கும். பிழை என்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தாக வேண்டும் என்பதும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. மகள் கேட்டது நம்பிக்கையீனமில்லை, சட்டம் தந்த உரிமை. (ஏசியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை வாசிப்பாள்.)

எழுத்தில் கரண்டி இல்லாதவர்கள் என்ன செய்வது? வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதன்படி, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்றால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டிய குறைக்குப் பிறகு குறைசொல்ல முடியாது. மறைந்திருந்த குறை வேறு கதை. ஆகவே கிழிந்த சீற்றுக்காகப் போய் நிற்க வேண்டாம், பட்டி பூசி மறைத்த ஓட்டைக்காக நிற்கலாம். ஆனால் ‘எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை, உள்ளபடி வாங்கினேன்’ என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டால் கதை கடினமாகும். கையெழுத்துக்கு முன் வாசியுங்கள், வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாகனத்தை விற்பதும் கடைக்காரர் விற்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்காது. வழக்குத்தான் வழி என்று வந்தால், வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேட்கலாம்.

இலண்டனிலிருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கச்சியிடம் இதைப் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையில் வாங்கிய பழைய காரில் வாங்கும்போதே இருந்த குறை தெரியவந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கலாமாம். அதற்குப் பிறகென்றால் திருத்திக் கொடுக்கக் கடைக்காரருக்கு ஒரு சந்தர்ப்பம், அதிலும் சரிவராவிட்டால் திரும்பவும் காசைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம், இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரரின் வேலை. “அக்கா, நீங்க ஏன் அங்க இருக்கிறீங்க” என்று கேட்டாள். கருவாட்டை அங்கே எந்த வெயிலில் காயவைப்பது என்று கேட்டேன்.

கிடைத்ததும் கிடைக்காததும்

மே மாதம் இரு பகுதியினரையும் அழைத்தார்கள். தலைவி கூட வந்தார். அந்தத் தம்பி ‘பார்ட்டி வாகனம்’ கதையை அங்கேயும் தொடங்கினார். பற்றுச்சீட்டில் இருப்பது யாருடைய கடைப் பெயர், காசு வாங்கியது யார் என்று கேட்டதும் அந்தக் கதை நின்றது. நான் ஓடிப் பழுதாக்கினேன் என்றார். மெக்கானிக் எழுதிய கடைசி வரியைக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கட்டளை எதுவும் வருமுன் தானே தீர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தன்னுடைய ஆட்களைக் கொண்டு திருத்தித் தருவதாகத்தான் முதலில் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. தடித்த ஒயில் ஒருமுறை போதும். நான் சொல்கிற கராச்சில் செய்வது, பில்லை அவர் நேரே கட்டுவது என்று பேசினோம். இஞ்சினும் கியர்பொக்ஸும் முழுவதும் அவர் பொறுப்பு, 102,000 ரூபா. சசி கரண்டியில் எழுதப்படவில்லை என்று பிடித்துக்கொண்டார். பட்டி பூசியது ஏமாற்று வேலை, அதற்காக இன்னும் போராடியிருக்கலாம் என்று தலைவிக்கு இன்றைக்கும் என்மேல் குறை. ஆனால் அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு ஓட்டோ வேண்டியிருந்தது, வெற்றி வேண்டியிருக்கவில்லை. பாதிப் பாதி என்று ஒத்துக்கொண்டேன். 13,500 ரூபா என் கையிலிருந்து போயிற்று. பேசியதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

ஜூன் மாதம் ஓட்டோ றோட்டில் இறங்கியது. மூன்று மாதத்துக்கு மேல் வாசலில் நின்ற காலத்து வருமானத்தை யாரும் தரவில்லை. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் அதற்குள் வேறு வாகனம் பிடித்துவிட்டார்கள். அடகு நகையில் காப்புச் சோடியை மீட்டேன், சங்கிலி இன்னும் உள்ளேதான்.

இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன், இது பழுதைவிடப் பெரியது. விசாரணைக்குக் கடதாசிகளை அடுக்கும்போதுதான் பார்த்தேன், பதிவுச் சான்றிதழில் இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயர். கடைக்காரர் தந்தது பழையவர் கையெழுத்து வைத்த, வாங்குபவர் பெயர் எழுதாத படிவம். ‘ஓப்பின் பேப்பர்’ என்பார்கள். விற்றவர் அறிவிக்கவும் வாங்கியவர் தன் பெயருக்குப் பதியவும் மோட்டார் வாகனச் சட்டம் தருவது 14 நாள். நான் நாலு மாதம் அப்படியே வைத்திருந்தேன். அந்த வாகனத்தின்மேல் லீசிங் பாக்கி இருந்திருந்தால், கொம்பனிக்காரர் வந்து சந்தையிலேயே பறித்துக்கொண்டு போயிருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடனே விண்ணப்பித்தேன். இப்போது என் பெயரில் இருக்கிறது. சான்றிதழிலுள்ள இஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் வாகனத்திலுள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசை எண்ண வேண்டும் என்று பிறகு அறிந்தேன்.

போன மாதம் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு தங்கச்சி, மகனுக்கு ஓட்டோ பார்க்கிறாள் என்று என்னைக் கூட வரச் சொன்னாள். அவளும் என்னைப்போலத் தனித்தவள்தான். நகரத்தில் வேறொரு கடை. நாங்கள் போனபோது ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இஞ்சின் பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். கடைக்காரர் என்னையும் காந்தத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஆம்பிளை யாரும் வரேல்லையா?” என்று கேட்டார்.

“இஞ்சினை நிப்பாட்டுங்க தம்பி, ஆறட்டும்” என்றேன். “நாளைக்கு விடிய வாறம்.”